மஹிந்திரா தார் வண்டியோட கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துப் போச்சா? பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடி டிபன் பாக்ஸைத் திருப்பிப் பாருங்க

[திரையில்: ஒரே வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவு). பாதி சாம்பல், பாதி கறுப்பு]

பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுல சாம்பார் கறை பிடிச்சா, என்ன தேய்ச்சாலும் போகாது. அதே டப்பாவுக்குப் பெயின்ட் அடிச்சுப் பாருங்க, நகத்தால கீறினாலே தோல் மாதிரி உரிஞ்சு வரும். மஞ்சள் ஒட்டுது, பெயின்ட் ஒட்டமாட்டேங்குது. ஏன்? இதுக்கு விடை தெரிஞ்சாதான் உங்க தார் பம்பர்ல அடிக்கற பெயின்ட் நிக்கும். தெரியலைன்னா மூணாவது வாட்டர் வாஷுல தகடு தகடா பெயர்ந்துடும்.

பின்கதையைச் சட்டுனு முடிச்சிடறேன். 2020 அக்டோபர்ல வந்த தார்ல வீல் ஆர்ச், பம்பர், ஃபுட்ஸ்டெப் எல்லாம் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக். நிறம் உள்ளேயே கலந்திருக்கும். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் மேல்தோலை அரிச்சு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு வெளுக்க வைக்குது. மொட்டை மாடியில கிடக்கற பிளாஸ்டிக் சேர்ல கைவெச்சா வெள்ளையா ஒட்டுமே, அதே வியாதி.

ஆனா வெள்ளையா தெரியறதெல்லாம் வெளுப்பு கிடையாது! கறுப்புத் துணியால அழுத்தித் துடைங்க. துணியில வெள்ளை மாவு வந்தா நிஜ வெளுப்பு. மாவு வராம, பாடியை ஒட்டின ஓரத்துல மட்டும் கோடு கோடா வெள்ளை இருந்தா, அது வண்டிக்குப் போட்ட வாக்ஸ். சொரசொரப்புல போய் உக்காந்திருக்கும். பழைய டூத் பிரஷ், வெந்நீர், பாத்திரம் கழுவற லிக்விட், அவ்ளோதான் செலவு. இதுக்குப் போய் பெயின்ட் அடிச்சா பாவம்.

அப்புறம் ஹீட் கன், அதாவது சூடான காத்தை ஊதற மெஷின். காட்டின உடனே கறுப்பாகற வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. ஏமாத்து வேலை இல்லை, நிஜமாவே கறுப்பாகும். மேல்தோல் லேசா உருகி வெடிப்பு மூடிக்குது. ஆனா வெயிலைத் தாங்கற சரக்கு எதுவும் புதுசா உள்ளே போகலையே? சில மாசத்துல திரும்ப வெளுக்கும். இந்த பிளாஸ்டிக் 160 டிகிரி சொச்சத்துல உருகிடும், ஹீட் கன்ல வர்ற காத்து அதைவிட ரொம்பச் சூடு. ஒரே இடத்துல ரெண்டு செகண்ட் கூட நின்னா சொரசொரப்பு போய் பளபளன்னு ஒரு திட்டு விழும். அந்தத் திட்டைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. என்னைக் கேட்டா, வேண்டாம்.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி.

[திரையில்: பம்பரோட பின்பக்கம், டிபன் பாக்ஸோட அடிப்பக்கம், பக்கத்துல பக்கத்துல]

டிபன் பாக்ஸோட அடியில முக்கோணத்துக்குள்ள 5, கீழே பிபின்னு இருக்கும். பம்பரைக் கழட்டிப் பின்னாடி பாத்தா பெரும்பாலும் அதே பிபி. கூட இபிடிஎம்னு இருந்தா ரப்பர் கலந்திருக்கு, டிடி 20ன்னு இருந்தா 20 சதவீதம் டால்க் கலந்திருக்கு. ஆமா, முகத்துக்குப் போடற பவுடர்ல இருக்கற அதே டால்க்!

பிபின்னா பாலிப்ரொப்பிலீன். எண்ணெய்க்கு உறவு, தண்ணிக்குப் பகை. மஞ்சளோட நிறம் எண்ணெயில கரையும், அந்த எண்ணெயோடயே பிளாஸ்டிக்குக்குள்ள போய் உக்காந்துடுது. பெயின்ட்டோ மேல பரவிப் பிடிக்கணும். இங்கே தாமரை இலைத் தண்ணி மாதிரி ஒட்டாம நிக்குது. கார் ஃபேக்டரியில பிபி பம்பருக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, ஒரு வினாடிக்கும் குறைவா நெருப்பு ஜுவாலையைத் தடவி எடுக்கற முறையே உண்டு. அதுக்கப்புறம் தண்ணி உருளாம பரவும், பெயின்ட்டும் பிடிக்கும். கேஸ் அடுப்பைப் பாக்காதீங்க, நமக்கு வேற வழி இருக்கு.

அதுதான் பிபி ப்ரைமர், அட்ஹீஷன் ப்ரொமோட்டர்னும் கேக்கலாம். வெறும் 'பிளாஸ்டிக் ப்ரைமர்'னு குடுத்தா வாங்காதீங்க. ஏபிஎஸ்ங்கற வேற பிளாஸ்டிக்குக்கானது பிபியில நிக்காது. டப்பாவுல பிபின்னு எழுதியிருக்கணும்.

நாலு ஆர்ச், ரெண்டு பம்பருக்கு: 400 மில்லி பிபி ப்ரைமர் ஸ்ப்ரே 1, சாட்டின் பிளாக் பெயின்ட் ஸ்ப்ரே 3, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், பாத்திரம் தேய்க்கற நார் மாதிரி இருக்கற சாம்பல் நிற ஸ்கஃப் பேட் 2. பளபளப்பே இல்லாத மேட் வாங்கினா கை வெச்ச இடமெல்லாம் தெரியும், முழுப் பளபளப்பு கிளாஸ் வாங்கினா பொம்மைக் கார் மாதிரி இருக்கும். அதனால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சாட்டின்.

சோப்புத் தண்ணி விட்டுப் பேடால தேய்ங்க. உப்புத்தாள் வேண்டாம், பிபி நார் நாரா எழும்பும், சொரசொரப்பும் போயிடும். நல்லா காஞ்சதும் ஆல்கஹால். ஒரு துணியில நனைச்சுத் துடைச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால எடுக்கணும். ஒரே துணின்னா அழுக்கு இடம்தான் மாறும். வருஷக்கணக்கா டயர் பாலிஷ் போட்ட வண்டின்னா இதை மூணு தடவை செய்ங்க. சிலிக்கான் ஒரு பொட்டு மிஞ்சினாலும் பெயின்ட்ல வட்ட வட்டமா குழி விழும், பெயின்டருங்க ஃபிஷ் ஐன்னு திட்டிட்டே எடுப்பாங்களே, அது.

ப்ரைமர் ஒரே ஒரு மெல்லிய கோட். தடிமனா அடிச்சா அதுவே உரியும். டப்பாவுல போட்டிருக்கற நேரம் முக்கியம், அந்த நேரத்துக்குள்ள மேலே பெயின்ட் வந்துடணும். அதைத் தாண்ட விட்டா ஒட்டற குணம் போயிடும். அதனால ஒரே நேரத்துல நாலு ஆர்ச்சையும் ப்ரைம் பண்ணிட்டு டீ குடிக்கப் போகாதீங்க! பெயின்ட் 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, மூணு மெல்லிய கோட், நடுவுல 10 நிமிஷம். முதல் கோட்ல அடிப்பக்கம் தெரியத்தான் செய்யும். அதை மூடணும்னு இன்னும் அடிச்சா வடியும்.

மழைக்கால ஈரக்காத்துல, முக்கியமா கடற்கரை ஊர்ல, கறுப்பு மேல பால் ஊத்தின மாதிரி புகை படியும். நல்லா வெயிலடிக்கற நாள்ல, நிழல்ல வெச்சு அடிங்க. கடைசி கோட் இன்னும் இளசா இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுத்துடுங்க, காஞ்சப்புறம் இழுத்தா ஓரம் பல் பல்லா கிழியும்.

ஃபுட்ஸ்டெப்புக்கு மட்டும் பெயின்ட்டே வேண்டாம். ஷூ உரசி ஒரு மாசம் தாங்காது. அதுக்குத் தேய்க்கற ட்ரிம் கோட்டிங் போதும்.

பீஸ் வெடிச்சிருந்தா, வளைஞ்சிருந்தா புதுசு மாத்திடுங்க. கழட்டும்போது கிளிப் உடையும், ஒரு டஜன் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்குங்க.

ஒரு வாரம் பிரஷர் வாஷ் கிட்டேயே போகாதீங்க. அதுக்கப்புறம் உள்பக்க மூலையில மாஸ்கிங் டேப் ஒட்டி வெடுக்குனு இழுங்க. டேப்ல கறுப்பு வந்தா துடைச்சது பத்தலைன்னு அர்த்தம். வந்துச்சா வரலையா, பம்பர் பின்னாடி என்ன எழுத்து இருந்துச்சு, ரெண்டையும் கமென்ட்ல போடுங்க.