சக்கரம் மூக்கிலா, வாலிலா?

வணக்கம் நேயர்களே.

செஸ்னா 170 என்ற சிறு விமானத்துக்கு வாலில்தான் சக்கரம். அதை மூக்குச் சக்கரத்துக்கு மாற்றி, 1956-இல் செஸ்னா 172 என்று கொண்டுவந்தார்கள். என்ஜினும் இறக்கையும் ஏறக்குறைய அதேதான். தரையிறங்கும்போது அடிபடும் விதம் மட்டும் அடியோடு மாறிவிட்டது.

ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் நேராக வரும்; பின்னாலிருந்து தள்ளினால் ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும். வால் சக்கர விமானத்தில் எடை மையம், எடையைத் தாங்கும் இரு பெரிய முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது, எடை அவற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. மூக்கு சற்றே திரும்பியதும் விமானி சுக்கானை மிதிக்காவிட்டால் திருப்பம் வளர்ந்துகொண்டே போகும். வேகம் குறையக் குறைய சுக்கானின் பிடியும் தளரும். கடைசியில் விமானம் சுழன்று, வெளிப்பக்கச் சக்கரத்தின் கால் மடங்கி, இறக்கை நுனி தரையில் உரசும். ஓடுபாதையிலிருந்து திரும்பி வெளியேறும் அளவுக்கு வேகம் குறையும்வரை விமானியின் கால்கள் ஓயக் கூடாது. அவசரப்பட்டு பிரேக்கை அழுத்தினால் மூக்குக் குத்திக் கவிழும் ஆபத்து வேறு.

மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் முன்னால் இருப்பதால் அது தானாகவே நேராக ஓடும். அந்த நிம்மதியில்தான் பலர் வேகத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 65 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) வேகத்தில் வர வேண்டிய விமானம் 75 நாட் வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இறங்க மனமில்லாமல் மிதக்கும் விமானத்தை விமானி வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்துகிறார். மூக்குச் சக்கரம் முதலில் மோதுகிறது, மூக்கு எழும்புகிறது, அவர் மறுபடி தள்ளுகிறார். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடக் கடுமை; மூன்றாவதிலோ நான்காவதிலோ முன்கால் ஒடிந்து புரொப்பெல்லர் தரையை வெட்டும். துள்ளலைத் துரத்திப் பிடிக்க முயலவே வேண்டாம். முழு த்ராட்டில் (என்ஜினின் முழு சக்தி) கொடுத்து, மேலே ஏறி, மறுபடி வாருங்கள்.

கால் ஒடியவில்லை என்பதால் தப்பித்தோம் என்று இருந்துவிடக் கூடாது. என்ஜின் மூடியைக் கழற்றி, முன்கால் பிணைந்திருக்கும் ஃபயர்வாலின் (என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு அலைபோல் நெளிந்திருக்கிறதா? ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா? என்ஜினைத் தாங்கும் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளையும் விடாதீர்கள்.

வால் சக்கரத்திலோ, பட்டை ஸ்பிரிங்தான் முதலில் தொய்கிறது. தொய்ந்தால் சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை முன்பக்கமாகச் சாய்ந்து, ஓடும்போது சக்கரம் கடகடவென்று நடுங்கும்.

புரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால் எந்த வகை விமானமானாலும், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும், என்ஜினைப் பிரித்துச் சோதித்தாக வேண்டும். புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டில் விழுந்த விரிசல் வெளியே தெரியாது.

நன்றி, வணக்கம்.