தெரிந்த கதையும் வரைந்த கணமும்

(நாகர்கோவிலில் நூலக வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் மாவட்டத்தில் கோயில் கொடையன்று வில்லுப்பாட்டுக் கேட்க அமர்கிறவர்களில், தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கப் பேயாக வந்த கள்ளியங்காட்டு நீலியின் கதை எப்படி முடியும் என்பதை அறியாதவர் அரிது. அறிந்திருந்தும் விடிய விடிய இருக்கிறார்கள். புலவர் இந்த முறை எந்த இடத்தில் நின்று விரித்துப் பாடப்போகிறார் என்ற ஆவல்தான் அவர்களை எழவிடுவதில்லை. அழகிய ஓவியங்களோடு மீண்டும் மீண்டும் சொல்லப்படும் தேவதைக் கதை நூல்களின் ஈர்ப்பும் இந்த ஆவலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சிண்டரெல்லாவின் காலுக்கு அந்தச் செருப்புப் பொருந்திவிடும் என்பது பிள்ளைகளுக்கும் முன்பே தெரியும். அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாததால் கண் ஒரே பக்கத்தில் நெடுநேரம் தங்குகிறது. அவ்வாறு தங்குவதற்குரிய கணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓவியரும் கதைசொல்லியாகிவிடுகிறார்.

ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812இல் முதன்முதலாக வந்தபோது அதில் படங்களே இல்லை. 1823இல் லண்டனில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜார்ஜ் குரூக்‌ஷாங்கின் படங்களோடு நல்ல வரவேற்பைப் பெற்றது. அதன் பிறகு, 1825இல், 50 கதைகளை மட்டும் எடுத்து, தம்பி லுட்விக் எமில் வரைந்த 7 படங்களுடன் அவர்களே ஒரு சிறு பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

தேர்வு என்று நான் சொன்னதற்கு, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே 1862இல், அவருக்கு முற்பட்ட பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கதைகளுக்கு வரைந்த படமொன்றைக் காட்ட விரும்புகிறேன். சிவப்புத் தொப்பிச் சிறுமி பாட்டியின் கட்டிலில், பாட்டியின் தொப்பியை அணிந்த ஓநாயின் அருகில் படுத்திருக்கிறாள். ஓநாய் வாயைத் திறக்கவில்லை, பாயவுமில்லை. அவள் போர்வையை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்களை மட்டும் ஓநாயின் பக்கம் திருப்பியிருக்கிறாள். அந்தக் கண்களில் அச்சமும் இருக்கிறது, வியப்பும் இருக்கிறது. இது பாட்டியல்ல என்பது அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பெரோவின் கதையில் அவளைக் காப்பாற்ற வேட்டைக்காரர் எவரும் வருவதில்லை என்பதை அறிந்தவர்கள் இந்தப் படத்தை எளிதில் கடந்துபோக முடியாது. விழுங்கப்படும் காட்சியை வரைந்திருந்தால் நாம் ஒரு கணம் திடுக்கிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கமின் படங்கள் வேறு வகையான இன்பம் தருபவை. மையால் இட்ட நுண்ணிய கோட்டின் மேல் மெல்லிய வண்ணம் படர, முறுக்கேறிய மரங்களுக்குள் முகங்கள் தென்படும். வண்ணப் படங்களை வழவழப்பான தாளில் தனியே அச்சிட்டு நூலுக்குள் ஒட்டிய காலம் அது. கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில், எல்லா முகங்களிலும் ஒரே சிரிப்பை வைத்து இன்று குவியும் நூல்களை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு அச்சம் கூடாது என்று எண்ணி, கதையின் உயிரையே அவை எடுத்துவிடுகின்றன.

நமக்கும் இந்த மரபு புதிதன்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், ஓவியர் சங்கரின் கையில், உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடந்த விக்கிரமாதித்தனை மறந்தவர் யார்? விளக்கொளி ஊடுருவும்படி தோலில் துளையிட்டு வண்ணம் தீட்டிய பாவைகளைக் கொண்டு இராமன் கதை சொன்ன தோல்பாவைக் கூத்தும் நம் மாவட்டத்தில் வாழ்ந்த கலைதான்.

இத்தனையும் இருந்தும், நம் நீலிக்கு அவளுடைய தகுதிக்கேற்ற ஓவிய நூலொன்று என் கண்ணில் படவில்லை. இந்த அவையில் ஓவியம் பயிலும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். உங்களை உரிமையோடு கேட்கிறேன். அவள் பழிவாங்கும் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாளே, அங்கே நில்லுங்கள். கொம்பு குழந்தையாகும் அந்தக் கணத்தில் அவள் முகம் தாயின் முகமா, பேயின் முகமா என்பதை வில்லிசைப் புலவர்களிடம் அமர்ந்து கேட்டு, முதலில் அந்த ஒரு படத்தை வரைந்து வாருங்கள்.