முன்னுக்கு என்ன சத்தம்?

வணக்கம். ரேடியோவில வந்து வாகனத்தைப் பற்றிக் கதையுங்கோ எண்டு கேட்டவை, பத்து நிமிசம் தந்திருக்கினம். எஞ்சினைப் பற்றிக் கதைக்க ஊரில கனபேர் இருக்கினம், அதை அவையளுக்கே விட்டிட்டு நான் ஃபோர் வீல் வாகனத்தின்ர முன்பக்கத்துக்கு வாறன். டபுள் கெப், பழைய ஜீப், பஜெரோ, இதுகளுக்கு முன்னால கீழயிருந்து வாற சத்தம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், மல்லாவி எண்டு எங்கட வன்னிப் பக்கத்தில கிரவல் றோட்டிலயும் குளக்கட்டிலயும் ஓடுற ஆக்களுக்கு இது பழக்கமான சத்தம்தான், என்ன, கேட்டுக் கேட்டு ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டிட்டுப் போறனீங்கள்.

நான் ஒரு கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவன், குறை நினைக்காதேங்கோ. சத்தம் எப்ப வருது எண்டு பாருங்கோ. எங்கயிருந்து வருது எண்டதைக் காது பிழையாத்தான் சொல்லும், ஏனெண்டால் சத்தம் இரும்புக்குள்ளால ஓடி சேசி முழுக்கப் பரவி கடைசியில உங்கட கால்மாட்டிலதான் வந்து கேக்கும். எப்ப வருது எண்டதை மட்டும் ஓட்டுறவரால சரியாச் சொல்லலாம். வளைக்கேக்க வருதோ, நேர போகேக்கயும் வருதோ, அக்சிலேட்டர்ல காலை வைக்கேக்க வருதோ, எடுக்கேக்க வருதோ, பின் சில்லு மட்டும் இழுக்கிற டூ எச்சில வருதோ, நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் எச் போட்டாத்தான் வருதோ. இவ்வளவையும் கராஜில சொன்னியள் எண்டால் பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

இதுக்கு ஒரு கதை சொல்லவேணும். நெடுங்கேணிப் பக்கம் ஒரு கமக்காரர், முன் சில்லில ஃப்ரீ வீல் ஹப் வைச்ச பழைய டபுள் கெப் ஒண்டு வைச்சிருந்தவர், கையால திருப்பி லொக், ஃப்ரீ எண்டு மாத்திறமே, லொக்கில சில்லு அக்சிலோட பூட்டுப்படும், ஃப்ரீயில தனியச் சுத்தும், அந்த ஹப். முன் இடதுபக்கம் கட கட எண்டு சத்தம். டவுனில ஒரு கராஜில விட்டிருக்கிறார், வீல் பெயாரிங் மாத்தினவை, சத்தம் போகேல்லை. பிறகு ஷொக் புஷ் மாத்தினவை, போகேல்லை. அடுத்தது இடது வலது சில்லுக்குச் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்சியலைக் கழட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். மனுசன் நெல்லு வித்த காசை மடியில வைச்சுக்கொண்டுதான் என்னட்ட வந்தவர். நான் கேட்டன், "ஐயா, சேத்துக்குள்ள ஃபோர் வீல் போட்டா இழுக்குதோ?" எண்டு. "அதுவும் இல்லைத் தம்பி, பின் சில்லு மட்டும்தான் வேலை செய்யுது, அது வேற வருத்தம், அதைப் பிறகு பாப்பம்" எண்டார்.

வேற வருத்தம் எண்டு அவர் நினைச்சதுதான் எனக்கு விடையைக் காட்டினது. குனிஞ்சு பாத்தா ரெண்டு ஹப்பிலயும் செம்மண் அப்பிக்கிடக்குது. துணியால துடைச்சா இடது ஹப் லொக்கில, வலது ஹப் ஃப்ரீயில. டிஃபரன்சியல் எப்பவும் லேசாச் சுத்தக்கூடிய பக்கத்துக்குத்தான் சுத்தைக் குடுக்கும், அப்ப ஃபோர் வீல் போட்டா வலதுபக்க அக்சில் சில்லை விட்டிட்டுத் தனிய நிண்டு சும்மா சுத்தும், இடது சில்லுக்கு இழுவை ஒண்டும் வராது. லொக்கில கிடந்த அந்த இடது ஹப்பாலதான், டூ எச்சில சும்மா றோட்டில போகேக்க, இடது சில்லு தன்ர அக்சிலையும் சேத்துச் சுத்திக்கொண்டு போகுது, அந்தப் பக்கத்துச் சீவி ஜொயின்ற், சில்லைத் திருப்பேக்கயும் அக்சிலைச் சுத்தவிடுற மூட்டு, அதின்ர ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் போய் மண் பூந்து கிடந்தது, கட கட எண்டது அதுதான். ரெண்டு ஹப்பையும் ஃப்ரீக்குத் திருப்பிப்போட்டு ஒரு ஓட்டம் ஓடினம், சத்தம் இல்லை. ஆர் திருப்பினது எண்டு விசாரிச்சா, வாய்க்காலடியில வைச்சு வாகனம் கழுவேக்க பேரப்பெடியன் கை வைச்சிருக்கிறான். ஐயாவுக்குச் சிரிப்பும் வருது கோவமும் வருது. ஆனா ஜொயின்ற் பழுதுதான், அதை விட்டிருந்தா அடுத்த மாரிக்கு வயலுக்குள்ள ஃபோர் வீல் போடேக்க நிச்சயம் உடைஞ்சிருக்கும், அதால அதையும் மாத்திக் குடுத்தது.

இதில எல்லாரும் பிடிக்கவேண்டிய விசயம் என்னண்டால், ஹப் ரெண்டும் ஃப்ரீயில, ஃபோர் வீல் லீவர் டூ எச்சில எண்டால் முன் அக்சில், முன் டிஃபரன்சியல், அந்த டிஃபரன்சியலுக்குச் சுத்தைக் கொண்டுவாற முன் புரொப்பெலர் சாஃப்ட் எல்லாம் நித்திரை. அப்பவும் சத்தம் வருதெண்டால் அது பெரும்பாலும் சில்லோட சுத்திற சாமான், பெயாரிங், ரயர், பிறேக். சத்தம் நிண்டுதெண்டால் அந்த நித்திரையில கிடக்கிற கூட்டத்துக்குள்ளதான் கள்ளன். ஒரு சதம் செலவில்லாத சோதனை. ஹப் இல்லாத புது வாகனங்களில இது சரிவராது, அதுகளில அக்சில் எப்பவும் சில்லோட சேர்ந்து சுத்தும், அதுகளுக்கு லீவரை மாத்திப் பாக்கவேணும், அதையும் கிரவல் நிலத்தில பாக்கவேணும், ஏன் கிரவல் எண்டு பிறகு சொல்லுறன்.

ஆ, இன்னொண்டு. எதையும் கழட்ட முதல் பிறேக் டிஸ்குக்குப் பின்னால இருக்கிற தகட்டைப் பாருங்கோ. எங்கட றோட்டில சின்னக் கிரவல் கல்லு ஒண்டு அதுக்குள்ள மாட்டினா போதும், வாகனமே ரெண்டாப் பிளக்கப்போகுது எண்டமாதிரிக் கத்தும்.

இப்ப எனக்கு விருப்பமான வேலை. ரயரில சோக்கால ஒரு கோடு போடுங்கோ. ஒராள் மெதுவா, நடக்கிற வேகத்தில ஓட்ட, மற்றாள் பக்கத்தில கொஞ்சம் தள்ளி நடந்து வரட்டும். கோடு ஒருக்காக் கீழ வந்து திரும்பக் கீழ வாறதுக்குள்ள டிக் எண்டது எத்தினை தரம்? ஒருதரம் எண்டால் ரயர், டிஸ்க் அந்தப் பக்கம் பாருங்கோ. நாலு தரம்மட்டில எண்டால் புரொப்பெலர் சாஃப்ட், ஏனெண்டால் சில்லு ஒருக்காச் சுத்த அந்தச் சாஃப்ட் கிட்டத்தட்ட நாலு தரம் சுத்தும், வாகனத்துக்கு வாகனம் கொஞ்சம் கூடிக்குறையும். சாஃப்ட்டின்ர மூட்டில இருக்கிற குரொஸ் கிரீஸ் இல்லாமல் காஞ்சுபோனா மெதுவாப் போகேக்க கிறீச் கிறீச் எண்டு குருவிச்சத்தம் வரும், பிறகு ஒருநாள் அது நிண்டுபோய் கியர் போடேக்க டங் எண்டும், குருவி போட்டுதெண்டு சந்தோசப்படாதேங்கோ, அது முத்தினதால நிண்டது. கிரீஸ் நிப்பிள் இருக்கிற சாஃப்ட் எண்டால் கிரீஸ் அடிச்சுப் பாருங்கோ, நடுவில வழுக்கிப் போய்வாற இடத்துக்கும் அடியுங்கோ, அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

வளைவுச் சத்தம் கெதியாச் சொல்லுறன். ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, வெறும் மைதானத்தில வட்டமா மெதுவாக் கால் குடுத்து ஓட்டேக்க டக் டக் டக் எண்டு வந்தா சில்லடியில இருக்கிற வெளிச் சீவி ஜொயின்ற். ஊ எண்டு ஒரே சுருதியில ஊளையிட்டு, வேகத்தோட கூடி, இடப்பக்கம் லேசாச் சரிக்கேக்க கூடினா வலது வீல் பெயாரிங்கைச் சந்தேகப்படுங்கோ, பாரம் அந்தப் பக்கம்தான் போகுது. அதே ஊளை காலை எடுக்கக் குறைஞ்சு காலை வைக்கக் கூடினா டிஃபரன்சியல். பெயாரிங்குக்குக் கால் வைச்சா என்ன எடுத்தா என்ன, அது தன்ர பாட்டுக்கு ஊளையிடும். காப்பற் றோட்டில ஊளை, கிரவலுக்கு இறங்கினதும் இல்லை எண்டால் பெரிய கட்டையள் வைச்ச சேத்து ரயர், அது அதின்ர இயல்பு. எப்ப வருது, எப்ப வருது. அதுதான் கேள்வி.

இனி என்ர வழமையான சண்டை. ஏ-9 றோட் காப்பற் போட்டாப் பிறகு, மழை பெய்தா மாங்குளத்தில ஃபோர் எச் போட்டு வவுனியா மட்டும் அப்பிடியே போற ஆக்கள் இருக்கினம், பிடிப்பு நல்லம் எண்டு. ஐயோ, வேண்டாம். வளைவில முன் சில்லுகள் பின் சில்லுகளை விடப் பெரிய வட்டம் போகுது, தூரம் கூட. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில டிஃபரன்சியல் இல்லாத வாகனத்தில ஃபோர் எச் போட்டா முன்னும் பின்னும் ஒண்டாக் கட்டினது. கிரவல் எண்டால் ஏதோ ஒரு சில்லு கொஞ்சம் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காப்பற்றில, நனைஞ்சிருந்தாலும், அவ்வளவு லேசா வழுக்காது, முறுக்கு சாஃப்ட்டுக்குள்ள ஏறி நிக்கும். ஸ்ரியறிங் இறுகும், ரயர் கீச்சிடும், திருப்பத்தில டம் எண்டு ஒரு அடி விழும், லீவர் வெளிய வராது. அப்பிடி இறுகினா லீவரோட மல்லுக்கட்டாமல் நேரப் பின்னுக்குக் கொஞ்சம் எடுங்கோ, தளரும். இந்த டம் சத்தத்தோட வந்து டிஃபரன்சியலைக் கழட்டச் சொன்ன ஆக்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறன், லீவரைத் தள்ளிப்போட்டு ஓடுங்கோ எண்டு. டிஃபெண்டருக்கும் சூப்பர் செலக்ட் பஜெரோவுக்கும் நடுவில டிஃபரன்சியல் இருக்கு, அதை லொக் பண்ணாத மட்டும் அவைக்குப் பிரச்சினை இல்லை, மற்றாக்கள்…

ரேடியோத் தங்கச்சி மணிக்கூட்டைக் காட்டுறா. சரி, சரி. தண்ணியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருந்தனான், ஒரே மூச்சில சொல்லுறன். ஓடிச் சூடான டிஃபரன்சியல் வெள்ளத்துக்குள்ள இறங்கினதும் சட்டெண்டு குளிர்ந்து உள்ளுக்குத் தண்ணியை இழுக்கும், மேல இருக்கிற மூச்சுக்குழாய் அடைச்சிருந்தா சீலுக்குள்ளாலயும் இழுக்கும். மாரியில குளம் வான் பாயிற இடம் கடந்தனீங்கள் எண்டால் பிறகு ஓயில் நிரப்புற பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கோ, பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா அண்டைக்கே மாத்துங்கோ. ஜக் அடிச்சு சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாக்கிறதெண்டால், ஈர மண்ணில ஜக் தாழும், கீழ பாலைக்கட்டை ஒண்டு வையுங்கோ, மற்றச் சில்லுகளுக்குக் கல்லு முண்டு குடுங்கோ, ஹப் லொக்கில இருக்க முன் சில்லொண்டை மட்டும் தூக்கிப்போட்டு ஃபோர் வீலில எஞ்சினைப் போட்டு ஓடவிடாதேங்கோ, பின் சில்லு நிலத்தில நிக்குது, வாகனம் ஜக்கிலயிருந்து பாயும், ஜக்கை மட்டும் நம்பி ஒருத்தரும் அடியில பூரவேண்டாம். வணக்கம்.