எம்.எஸ். ஒருவரை எவ்வளவு தூரம் முடக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நீளமான பெயர். நோயாளிகளும் சரி, நாங்களும் சரி, எம்.எஸ். என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நோய்க்கு இதுதான் பெயர் என்று சொன்னதும், கூட வந்த அம்மாவோ கணவரோ கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும்?" என்பதுதான்.

இங்கிலாந்தின் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது விரல்களில் உணர்ச்சி குறைய ஆரம்பித்தது. 1973இல் எம்.எஸ். என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 28 வயது. அதன் பிறகு மேடை ஏறி வாசிக்க முடியவில்லை. 42 வயதில் இறந்துபோனார். இன்னொரு பக்கம், தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய், மூளையில் எம்.எஸ். தழும்புகள் இருப்பது தற்செயலாகத் தெரியவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவரை அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. ஒரே நோய் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது?

நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. அதுதான் நோய். ஏன் தாக்குகின்றன என்பதில் சமீபத்தில் நல்ல முன்னேற்றம். அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு அணுக்கள் சம்பந்தப்பட்ட மரபணுக்கள்தான் அதில் முக்கியம்.

ஆனால் நோயை வரவைக்கும் சங்கதிகள் வேறு, வந்த நோயின் வேகத்தைத் தீர்மானிக்கும் சங்கதிகள் வேறு. இது பலருக்குத் தெரியாது. 2023இல் 12,000க்கும் அதிகமான எம்.எஸ். நோயாளிகளின் மரபணுக்களை அலசிய ஒரு சர்வதேசக் குழு, நோயின் கடுமையோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அப்பா, அம்மா இரண்டு வழியிலும் அது வந்திருந்தால், கைத்தடி தேவைப்படும் நிலை சுமார் மூன்றே முக்கால் வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்த மாற்றம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து மரபணுக்கள் வேலை செய்வது முக்கியமாக மூளையிலும் தண்டுவடத்திலும். அதாவது, அடி வாங்கும் நரம்பு எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் கடுமையின் சூட்சுமம் இருப்பதாகத் தெரிகிறது. எனக்கு இது முக்கியமாகப் படுவதற்குக் காரணம், நரம்பின் தாக்குப்பிடிக்கும் சக்தியில் நம் கைக்கு எட்டுவதும் கொஞ்சம் உண்டு.

கைக்கு எட்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு நோய் குறைவாக வந்தாலும், வந்தால் சற்று வேகமாகப் போகிறது. நாற்பதுக்கு மேல் ஆரம்பித்தால் மீள்வது குறைவு. தொந்தரவு திடீரென்று கிளம்புவதைத் தாக்குதல் என்போம். முதல் தாக்குதல் கண் மங்குவதாகவோ கைகால் மரத்துப்போவதாகவோ இருந்தால் பொதுவாகப் போக்கு மிதமானது. நடையோ நிதானமோ தவறினால், தண்டுவடத்தில் தழும்பு இருந்தால், அல்லது முதல் இரண்டு வருடத்தில் தாக்குதல்கள் அடுத்தடுத்து வந்தால் கொஞ்சம் உஷாராக இருப்போம். இவை எல்லாம் ஊருக்குச் சொல்லும் கணக்குதான். தனி ஒருவருக்கு இப்படித்தான் ஆகும் என்று எந்த டாக்டராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நோயின் கடுமையை எப்படி அளக்கிறோம் தெரியுமா? பெரும்பாலும் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் நடக்கவிட்டுத்தான். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல். கர்ட்ஸ்கே என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வகுத்தது. நூறு மீட்டர் நடக்க ஒரு கைத்தடி வேண்டும் என்றால் மதிப்பெண் ஆறு. ஆராய்ச்சிகளில் 'கைத்தடி வரை எத்தனை வருடம்' என்று கணக்கிடுவது இதை வைத்துத்தான். இதில் ஒரு குறை. காலுக்கு அதிக இடம் கொடுத்து, அசதிக்கும் மறதிக்கும் குறைவாகவே கொடுக்கிறது. நன்றாக நடக்கிற ஓர் ஆசிரியை, பிற்பகலில் கையில் சாக்பீஸோடு சொல் வராமல் நிற்பதை இந்த அளவுகோல் சரியாகப் பிடிக்காது.

சரி, கைக்கு எட்டுவதற்கு வருவோம். நம் ஊர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி இது. வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 9,000 எம்.எஸ். நோயாளிகளை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதய நோய் போன்ற எதுவும் இல்லாதவர்களுக்கு, நோய் தெரிந்ததிலிருந்து நடக்கத் துணை தேவைப்படும் வரை 18.8 வருடம் ஆனது. இவற்றில் ஏதாவது இருந்தவர்களுக்கு 12.8 வருடம். ஆறு வருட வித்தியாசம்! எம்.எஸ்.ஸுக்காக லட்சக்கணக்கில் செலவு செய்யும் குடும்பம், "பிரஷர் லேசாத்தான் இருக்கு டாக்டர், மாத்திரை எதுக்கு" என்று விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மூளைக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டால், ஏற்கெனவே அடிபட்ட நரம்புக்கு அது இரண்டாவது அடி.

அப்புறம் புகை. ஸ்வீடனில் 2015இல் வெளியான ஆய்வில், நோய் தெரிந்த பிறகும் தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 48 வயதில் விடாமல் மோசமாகிக்கொண்டே போகும் கட்டத்துக்கு வந்தார்கள். நிறுத்தியவர்கள் 56 வயதில்தான் வந்தார்கள். நோய் வந்த பிறகு நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன். வைட்டமின் டி விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. குறைவாக இருப்பவர்களுக்கு நோய் சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன. குறைவு இருந்தால் சரிசெய்யுங்கள், அளவுக்கு மிஞ்ச வேண்டாம்.

படிப்பும் மூளைக்கு வேலை கொடுக்கும் பழக்கமும்கூடக் கணக்கில் வருகின்றன. மூளையில் ஒரே அளவு சேதம் இருந்தும் ஒருவர் தடுமாறுகிறார், இன்னொருவர் சமாளிக்கிறார். வருமானம் திடீரென்று நின்றாலும் வங்கியில் கையிருப்பு உள்ளவர் சில மாதம் தள்ளிவிடுவாரே, அந்த மாதிரி.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அக்னி நட்சத்திரத்தில், மதியம் கடைக்குப் போய்விட்டு வந்த பெண்ணுக்குக் கண் மங்குகிறது, கால் கனக்கிறது. வீடே பதறி அடுத்த தாக்குதல் என்று கிளம்பிவிடுகிறது. 1890இலேயே ஊட்டோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். உறை போன நரம்பில், உடம்புச் சூடு சிறிதளவு ஏறினாலே செய்தி போவது தடைப்படும். ஒரு காலத்தில் சந்தேகம் உள்ளவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதிப்பார்களாம்! மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, மேலுக்குக் குளித்தால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இதனால் புதுச் சேதம் எதுவும் இல்லை. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். தொற்று உண்மையான தாக்குதலையும் தூண்டிவிடக்கூடும்.

மருந்து. 1993இல் இன்டர்ஃபெரான் ஊசி வரும் வரை நோயின் போக்கை மாற்ற எங்களிடம் எதுவும் இல்லை. இப்போது நிறைய இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தவர்களே நல்ல பலன் பெறுகிறார்கள். முதல் தாக்குதல் தானாகவே தணிந்துவிடுவதால்தான் பாதிப் பேர் மோசம் போகிறார்கள். கண் தெளிந்ததும் மருந்து எதற்கு என்று நினைக்கிறார்கள். தாக்குதலே இல்லாத மாதங்களிலும் உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கலாம்.

மருந்து கொடுத்தும் தாறுமாறாகப் போனால், நோய் எம்.எஸ்.தானா என்று திரும்பப் பார்க்க வேண்டும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் பலமாகத் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோயை முன்பு ஆசிய நாடுகளில் எம்.எஸ். கணக்கிலேயே சேர்த்திருந்தோம். அது வேறு நோய் என்று காட்டும், ரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்டது. எம்.எஸ். மருந்துகள் சில அதை மோசமாக்கிவிடும். பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம்.

கடைசியாக, இளம் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது: "குழந்தை பெத்துக்கலாமா?" பெற்றுக்கொள்ளலாம். 1998இல் வெளியான, ஐரோப்பாவில் 254 பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடின, பிறகு பழைய நிலைக்கு வந்தன. கர்ப்பத்தால் ஊனம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் சில எம்.எஸ். மருந்துகள் கருவுக்கு ஆகாது. சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு கிளம்பும். அதனால் மாமியாரிடம் சொல்கிறீர்களோ இல்லையோ, திட்டம் போடும்போதே உங்கள் நரம்பு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தை மாற்ற அவருக்குச் சில மாதங்கள் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.