மட்லியின் சிரிப்பு யாருடையது?

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். 'வாக்கி ரேசஸ்' என்ற கார் பந்தயக் கார்ட்டூன் தொடரைப் பார்த்தவர்களுக்கு மட்லியைத் தெரியும். டிக் டாஸ்டர்ட்லி என்ற மோசடிப் பேர்வழியின் எடுபிடி நாய். எஜமான் அடுத்தவர் காருக்குக் குழி வெட்டுவார், கடைசியில் தானே போய் அதில் விழுவார், உடனே மட்லி கண்ணைச் சுருக்கி, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கும். வாய் திறக்காது. இழுப்பு வந்தவர் மூச்சுக்குத் தவிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், சில படங்களே மாறி மாறி வருவது தெரியும். ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டால் அந்த நாய் செத்துவிடும். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்: பழைய டிவி கார்ட்டூன் நாய்களுக்கு உயிர் கொடுத்ததில் வரைந்த கோடுகளைவிடக் குரலுக்குத்தான் பங்கு அதிகம்.

இதற்குக் காரணம் பணம், இல்லை, பணம் இல்லாததுதான். மட்லி வந்த தொடரைத் தயாரித்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் அதற்கு முன் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தவர்கள். 1957-இல் எம்ஜிஎம் அந்தக் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. சரி, டிவிக்குப் போவோம் என்று கிளம்பினால், அங்கே ஐந்து நிமிடப் பாகம் ஒன்றுக்குக் கிடைத்தது 3,000 டாலர் அளவில்தான். தியேட்டர் படம் ஒன்றுக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவழித்துப் பழகியவர்கள் அவர்கள். அதனால் வரைவதைக் குறைத்தார்கள். யோகி கரடிக்குச் சட்டை கிடையாது, ஆனால் கழுத்தில் காலர் இருக்கும், டை இருக்கும். ஏன்? காலருக்குக் கீழே உடம்பை ஒரே படமாக வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையலாம், ஒட்டுப்போட்ட இடமும் கண்ணுக்குத் தெரியாது. டாமும் ஜெர்ரியும் பேசாமலேயே ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் எல்லாவற்றையும் சொன்னார்கள். டிவியில் ஓட்டம் போய்விட்டதால் முழுச் சுமையும் குரலின் தலையில் விழுந்தது.

யோகி மாதிரி வாய் ஓயாமல் பேசுகிற விலங்கென்றால் கவலையில்லை, நல்ல வசனம் இருந்தால் போதும். பேசாத வளர்ப்பு விலங்கை என்ன செய்வது? 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் டைனோ என்ற வளர்ப்பு டைனோசர் ஆரம்ப காலப் பாகம் ஒன்றில் மனிதரைப் போலச் சரளமாகப் பேசியது. அப்புறம் அந்தப் பேச்சை எடுத்துவிட்டுக் குரைப்பையும் முனகலையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அது மிகச் சரியான முடிவு என்பேன். முழுதாகப் பேசினால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆகிவிடும், வளர்ப்புப் பிராணியாக இருக்காது.

இந்த இடத்தில்தான் மட்லிக்குக் குரல் கொடுத்த டான் மெசிக் வருகிறார். 1926-இல் பிறந்த இவர் சின்ன வயதிலேயே, உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலையைக் கற்றவர். மட்லி வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறதே, அதில் அந்தப் பழக்கம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அந்தச் சிரிப்பும் மட்லிக்கென்று புதிதாகப் பிறந்ததல்ல, 1965-லேயே பிரெஷஸ் பப் என்ற வேறொரு நாய்க்கு மெசிக் அதே மாதிரி சிரித்திருக்கிறார்.

1962-இல் 'ஜெட்சன்ஸ்' தொடர் வந்தது. அதில் மெசிக் குரலில் ஆஸ்ட்ரோ என்ற பெரிய நாய். அது பேசும், ஆனால் நாய் பேசினால் எப்படி வருமோ அப்படி. வார்த்தையின் முதல் எழுத்தைத் தூக்கிவிட்டு அங்கே 'ர' சத்தம். நம் மொழியில் சொன்னால் சாம்பார் 'ராம்பார்' ஆகும், தோசை 'ரோசை' ஆகும். வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தொண்டையில் லேசான உறுமல் தானாக வந்து உட்காரும். உறுமலும் பேச்சும் ஒரே எழுத்தில் சேர்ந்துவிடுவதால், கேட்பவருக்குச் சொல்லும் புரிகிறது, இது நாய்தான் என்பதும் மறக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து மெசிக் குரலில் ஸ்கூபி-டூ என்ற நாய் பேசியதும் இதே ரகம்தான்.

ஸ்கூபியை வரைந்தவர் இவாவோ தகாமோட்டோ. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளி மக்களைப் பிடித்து அடைத்த மான்சனார் முகாமில் குடும்பத்தோடு இருந்த பையன் அவர். அங்கே உடன் அடைபட்டிருந்த ஓவியர்கள்தான் அவருக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். போர் முடிந்த 1945-லேயே டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் ஹன்னா-பார்பரா நிறுவனத்துக்கு வந்தார். கிரேட் டேன் இனத்தில் நல்ல நாய் எப்படி இருக்கும் என்று, அதை வளர்த்துப் பழகிய சக ஊழியர் ஒருவரிடம் கேட்டார். முதுகு நேராக, கால் நேராக, தாடை சின்னதாக இருக்க வேண்டும் என்று அந்த ஊழியர் சொன்னார். இவர் முதுகைச் சரித்தார், காலை வளைத்தார், தாடையைப் பெரிதாக்கினார். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படி ஒரு நாய். அந்த உடம்பைப் பார்த்தாலே, இது யாரையும் கடிக்காது, முதலில் ஓடப்போவது இதுதான் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

ஸ்கூபியை நான் நேசிப்பது இதனால்தான். பேய் வீட்டைப் பார்த்துச் சோபாவில் ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு, தன்னைவிடப் பெரிய உருவம் ஒன்று தன்னைவிட அதிகமாக நடுங்குவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! 1979-இல் ஸ்கிராப்பி என்று ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள், எதற்கும் அஞ்சாத குட்டி, எதிரில் யார் வந்தாலும் சண்டைக்கு நிற்கும். அது எனக்குக் கடைசிவரை ஒட்டவே இல்லை. அது துணிந்து முன்னால் பாயும்போது, பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் துணை இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு தேதியைச் சொல்கிறேன், 1969 செப்டம்பர் 13, சனிக்கிழமை. அன்று காலை சிபிஎஸ்ஸில் ஸ்கூபி-டூவின் முதல் பாகம் வந்தது. அதே காலையில், அதே சேனலில், டாஸ்டர்ட்லியும் மட்லியும் விமானத்தில் ஏறிப் புறாவைத் துரத்துகிற புதுத் தொடரும் தொடங்கியது. பயந்து நடுங்குகிற நாய் ஒன்று, எஜமான் விழுந்தால் சிரித்துவிட்டு மெடல் கேட்டு அடம்பிடிக்கிற நாய் இன்னொன்று. இரண்டும் ஒரே மனிதரின் தொண்டையிலிருந்து வந்தவை என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எத்தனை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்? 1981-இல் வந்த 'ஸ்மர்ஃப்ஸ்' தொடரில், ஸ்மர்ஃப் என்ற குட்டி நீல மனிதர்களின் தலைவரான பாப்பா ஸ்மர்ஃபும் அவரே, ஸ்மர்ஃபுகளைத் தின்னத் துடிக்கும் அஸ்ரேல் பூனையும் அவரே. மெசிக் 1997-இல் காலமானார்.

வீட்டுக்குப் போனதும் 1964-இல் தொடங்கிய 'ஜானி குவெஸ்ட்' தொடரின் பிந்தைய பாகம் ஒன்றைப் போடுங்கள். திரையைப் பார்க்காமல் காதை மட்டும் கொடுங்கள். டாக்டர் குவெஸ்ட் நிதானமான, படித்த குரலில் பேசுவார். பக்கத்தில் பேண்டிட் என்ற சின்ன நாய் குரைக்கும். இரண்டும் மெசிக்தான். விஞ்ஞானி முடிந்து நாய் ஆரம்பிக்கும் இடத்தில் அந்த மனிதர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். நானும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.