கேரவனில் சாப்பாட்டு மேஜை எங்கே? ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு தரைத்திட்டம்

(திரையில்: தர்மபுரியில் ஒரு மொட்டை மாடி. தரையில் சாக்பீஸ் கோட்டில் நீள்சதுரம் ஒன்று. மூலையில் அளவு டேப்.)

வணக்கம். மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் கேரவன் வண்டி, வாங்கவோ கட்டவோ நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது கட்டிலைப் பற்றித்தான். எத்தனை அடி, மெத்தை எத்தனை இன்ச், இரண்டு பேர் படுக்கலாமா மூன்று பேரா. அடுத்த கேள்வி பாத்ரூம். சாப்பாட்டு மேஜையை மிச்சம் இருக்கும் இடத்தில் எங்காவது சொருகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

என் கணக்கு தலைகீழ். மேஜையின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதைச் சுற்றியுள்ள சீட்டுகள் மூன்று வேலை பார்க்கின்றன. வண்டி ஓடும்போது பயணிகள் சீட். நிறுத்தினால் சாப்பிடும் இடம், பிள்ளைகள் எழுதும் இடம், மழை வந்தால் எல்லோரும் அடைந்து கிடக்கும் இடம். ராத்திரியில் பல வண்டிகளில் அதுவே கட்டில்.

ஐரோப்பிய விதிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு வண்டியை மோட்டார் கேரவன் என்று ஏற்க அங்கே கேட்பவை: இருக்கைகளும் மேஜையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம். எல்லாம் அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். மேஜையை மட்டும் கழற்றி எடுக்கும்படி வைக்கலாம். கழிவறை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சரி, நம் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல், ஓசூர், சேலம், ஆசை வந்தால் வத்தல்மலை.

(திரையில்: ஒரு தரைத்திட்டம். பிறகு அதே படம் இடம் வலமாகத் திரும்புகிறது.)

படம் தேடும்போதே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் தரைத்திட்டங்களில் நிறைய அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ வரைந்தவை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், அதனால் பின்னால் ஏறி இறங்கும் கதவும் வலப்பக்கம் இருக்கும். அந்தப் படத்தைப் பட்டறையில் காட்டி "இதே மாதிரி கட்டிக் கொடுங்க" என்றால், கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியதும் பாட்டி நேராக லாரி வரும் பக்கம் காலை வைப்பார். திட்டத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள். கதவு இடப்பக்கம், கதவை ஒட்டிச் சமையல், மேஜை எதிர்ப்பக்கம். பிரிட்டனிலும் இந்தத் தொல்லை உண்டு. ஐரோப்பாவில் கட்டி இறக்கிய பல வண்டிகளில் கதவு சாலைப் பக்கமாகவே இருக்கிறது. அவர்கள் பழகிக்கொண்டார்கள், நாம் ஏன் பழக வேண்டும்?

(திரையில்: முன்பக்க மேஜை.)

முதல் வகை, முன்பக்க மேஜை. ஓட்டுநருக்குப் பின்னால் முன்னோக்கிய இரட்டைச் சீட், அதன் முன் ஒரு சின்ன மேஜை. ஐரோப்பிய வேன்களில் ஓட்டுநர் சீட்டும் பக்கத்துச் சீட்டும் சுழலும். நிறுத்தியதும் பின்பக்கம் திருப்பிவிட்டால் நாலு பேர் சுற்றி உட்காரலாம். வீடியோவில் பார்க்க அழகுதான். ஆனால் சில வண்டிகளில் சீட்டைத் திருப்ப ஹேண்ட் பிரேக் லீவர் இடிக்கும், அதை இறக்கிவிட்டுத்தான் திருப்ப முடியும். சரிவில் நிறுத்திவிட்டு அந்த வேலை வேண்டாம். ஓட்டுநர் பகுதியின் தரை பள்ளமாக இருந்தால் திருப்பிய சீட்டில் கால் எட்டாது என்ற குறையும் உண்டு.

இந்த வகையின் உண்மையான பலம் மேஜை இல்லை, சீட் பெல்ட். முன்னோக்கிய சீட்டு என்றால் பெல்ட்டை வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு சேர்த்துப் பொருத்தலாம். தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது என்று நம்மூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு லாரி திடீரென்று நின்றால், சுவரை ஒட்டிய பக்கவாட்டு சோபாவில் இருப்பவரின் உடல் பக்கவாட்டில் வீசப்படும். இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாலும் முதுகும் கழுத்தும் திருகிக்கொள்ளும். பக்கவாட்டு சோபா நிறுத்திய பிறகு உட்காரத்தான். அதைப் பயணச் சீட்டாக எண்ணிக் கணக்குக் காட்டும் தரைத்திட்டத்தை நான் அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவேன்.

ஆனால் ஆறு பேருக்கு இது போதாது. முன்னால் இருவர், பின்னால் இருவர், மீதி இருவர் எங்கே?

(திரையில்: நடு மேஜை. எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள்.)

அதனால் இரண்டாவது வகை. ரயில் பெட்டியில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்காருவோமே, அதே அமைப்பு. முன்னோக்கி இருவர், பின்னோக்கி இருவர், நடுவில் மேஜை. பின்னோக்கிய சீட்டுக்கும் உயரமான முதுகும் பெல்ட்டும் வேண்டும். மலைப்பாதையில் பின்னோக்கி உட்கார்ந்தால் சிலருக்குக் குமட்டும், அந்த ஆள் யார் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இதைக் கட்டிலாக மாற்றும் விதம் எளிது. மேஜைப் பலகையை பெஞ்சு உயரத்துக்கு இறக்கினால் இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே உட்காரும். பெஞ்சு 50 செ.மீ., இடைவெளி 85, மறு பெஞ்சு 50. மொத்தம் 185 செ.மீ., ஆறடிக்குக் கொஞ்சம் மேல். முதுகு மெத்தைகளை எடுத்து நடுவில் அடுக்க வேண்டும். அந்த இணைப்பு சரியாக இடுப்புக்குக் கீழே வந்தால் காலையில் எழுந்ததும் தெரியும். மேலே இரண்டு இன்ச் மெத்தை ஒன்று தனியாக விரித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் படத்தில் தெரியாது. தாத்தா எட்டரைக்கே கண்ணயர்வார். பேரன் பத்து மணிவரை கேரம் போர்டை விடமாட்டான். மேஜைதான் தாத்தாவின் கட்டில் என்றால், தினமும் ஒருவர் இன்னொருவருக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். வீட்டில் யார் முதலில் தூங்குகிறாரோ அவருக்கு மேஜைக் கட்டிலைக் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்குப் பின்னால் நிரந்தரக் கட்டில், மேஜை இருக்கும் இடம் பிள்ளைகளுக்கு.

மூன்றாவது, பின்பக்க மேஜை. மூன்று பக்கம் சோபா, மூன்று பக்கம் ஜன்னல். கே.ஆர்.பி. அணைப் பக்கம் வண்டியைப் பின்னோக்கி நிறுத்தினால் தண்ணீரைப் பார்த்தபடி டீ குடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதிதான் அதிகம் தூக்கிப்போடும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகளில் அங்கே பாட்டியை உட்கார வைக்காதீர்கள். பின்னால் எடை கூடக் கூட முன் சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதால் தொட்டியும் அங்கே போனால் நிலைமை இன்னும் மோசம். ரிட்டயர் ஆன கணவன் மனைவி இருவருக்கு இது நல்ல திட்டம், ஆறு பேருக்கு அல்ல.

சுவரோடு வெளியே நீளும் ஸ்லைடு அவுட் மேஜை அமெரிக்கப் பெரிய வண்டிகளுக்கானது. எடை அதிகம், நீட்டியபடியே இயக்கும் பொறி பழுதானால் அதை உள்ளே தள்ளும்வரை வண்டி நகராது, நம் கோயில் பார்க்கிங்கில் நீட்டவும் இடமில்லை.

(திரையில்: மறுபடியும் மொட்டை மாடி. சாக்பீஸ் கட்டத்துக்குள் இரண்டு ஸ்டூல், மேலே ஒரு பலகை, அதில் சாப்பாட்டுத் தட்டுகள்.)

எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். இந்தக் கட்டத்தில் பெஞ்சுக்கு 45 செ.மீ. ஆழம் வைத்து அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த உடனே, "ஏங் கண்ணு, முட்டி ரெண்டும் வெளியே தொங்குதே!" சரிதான். காலைத் தொங்கப்போட 45 போதும், சம்மணம் போட 65 செ.மீ. வரை வேண்டும். பாட்டி தாத்தா பக்கத்துப் பெஞ்சை மட்டும் ஆழமாகக் கட்டுங்கள். அடியில் கிடைக்கும் பெட்டியும் பெரிதாகும்.

மேஜை அகலத்தையும் தட்டை வைத்துப் பாருங்கள். நம் சாப்பாட்டுத் தட்டு ஏறக்குறைய 30 செ.மீ. எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தாலே 60 போய்விட்டது. ராகிக் களி உருண்டை தட்டில் இருக்கிறது, கீரைக் குழம்புச் சட்டியை எங்கே வைப்பது, மடியிலா? குறைந்தது 70 வேண்டும். பலகையை ஒரு பக்கம் சுவரில் மாட்டி, மறுபக்கம் மடக்குக் கால் வைப்பது நல்லது. நடுவில் ஒற்றைத் தூணை நிலையாக நட்டால் முட்டி இடிக்கும், கழற்றி வெளியே எடுத்துப் போகவும் முடியாது.

களி கிண்டுவதும் உள்ளே நடக்காது. 90 செ.மீ. மேடை, அதன் மேல் அடுப்பு, அதன் மேல் பானை. கட்டையை அழுத்திக் கிண்ட தோளுக்கு மேல் கை போக வேண்டும். கதவுக்கு வெளியே தாழ்வான ஒரு அடுப்புத் தாங்கி, பக்கத்தில் கழற்றிய மேஜை. இதனால்தான் மேஜை எதிர்ப்பக்கம் இருந்தாலும் கதவுக்கு அருகே இருக்கட்டும் என்கிறேன். ஒகேனக்கல் மீன் வறுவலையும் வெளியே வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். அந்த வாசம் மெத்தையில் ஏறினால் ஓசூர் வந்தாலும் இறங்காது.

அப்புறம் வெயில். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தெற்கே போகும்போது மதியத்துக்கு மேல் வெயில் வலப்பக்கம், அதாவது நம் மேஜைப் பக்கம். அந்த ஜன்னலுக்குத் திரை மட்டும் போதாது, வெளிக்காற்று வரும்படி திறக்கும் ஜன்னலாகப் போடுங்கள்.

சாக்பீஸ் கட்டத்துக்குள் ஆறு பேரும் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். ஜன்னலோரம் இருப்பவர் கைகழுவ எழுந்தால் எத்தனை பேர் எழ வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். நடைவழி 50 செ.மீ.க்குக் குறைந்தால் ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் கடக்க முடியாது.

கடைசியாக, காகித வேலை. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சீட்டு எண்ணிக்கையும் அந்த விவரங்களில் ஒன்று. மேஜையைச் சுற்றி எத்தனை பயணச் சீட்டு என்பது உங்கள் விருப்பம் மட்டும் அல்ல. பட்டறையில் தகட்டை வெட்டுவதற்கு முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பேசுங்கள். எந்தெந்தச் சீட்டுக்குப் பெல்ட், எது நிறுத்திய பிறகு மட்டும் உட்காரும் சீட்டு என்று இரண்டு நிறத்தில் குறித்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.