யாரிடமிருந்து எடுத்தோம்?

வணக்கம். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து உதவும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். அடுத்தவர் எழுத்தை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள், படிக்கிறவர் மூலத்தைத் தேடிப் போக வழி வேண்டும்.

ராட்சதர்களின் தோள்மேல் நின்றதால்தான் தூரத்தைப் பார்த்தேன் என்ற வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள். நியூட்டன் சொன்னது என்றுதான் போடுவார்கள். ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானிக்கு அவர் எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, 1159-இல், சாலிஸ்பரி ஜான் என்ற அறிஞர் லத்தீனில் எழுதிய நூலில் இதே கருத்து வருகிறது: ராட்சதர் தோளில் உட்கார்ந்த குள்ளர்கள் நாம், நமக்குக் கண் கூர்மை என்பதால் இல்லை, அவர்கள் தூக்கி வைத்திருப்பதால் கூடுதலாகப் பார்க்கிறோம் என்று. எனக்கு இந்த ஜானை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அவர் அதைத் தன்னுடையதாகக் காட்டவில்லை, பிரான்சின் சார்த்ர் நகரத்து ஆசிரியர் பெர்னார்ட் இப்படிச் சொல்வார் என்று எழுதினார். அந்த ஒரு வரியை அவர் விட்டிருந்தால் இன்று பெர்னார்டை யார் நினைக்கப் போகிறார்கள்?

சரி, மாணவர்கள் விஷயத்துக்கு வருவோம். வேண்டுமென்றே திருடுகிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. பெரும்பாலும் தவறு தொடங்குவது குறிப்பெடுக்கும்போது. புத்தகத்தில் ஒரு நல்ல வரி, அப்படியே நோட்டில் இறங்குகிறது, மேற்கோள் குறி இல்லை, பக்க எண் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நாமே எழுதியது போலத்தான் தெரியும். அதனால் எடுக்கும்போதே குறி போடுங்கள், பக்க எண்ணை எழுதுங்கள். திரும்பவும் சொல்கிறேன், எடுக்கும்போதே.

அப்புறம் வார்த்தையை மாற்றும் வேலை. “நகரங்கள் வளர்ந்தபோது ஏரிகள் தேய்ந்தன” என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். “மாநகரங்கள் பெருகியபோது நீர்நிலைகள் சுருங்கின” என்று மாற்றிவிட்டு, இப்போது இது என்னுடையது என்கிறான் மாணவன். சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள்தான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல எழுதிப் பாருங்கள், உங்கள் வாக்கியம் தானாக வரும். அப்போதும் கருத்து அவருடையதுதான், பெயர் போட்டே ஆக வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கெல்லாம் யாரும் சான்று கேட்கப் போவதில்லை. ஒருவர் உழைத்துக் கண்டுபிடித்த எண்ணிக்கைக்கும், ஒருவர் யோசித்துச் சொன்ன காரணத்துக்கும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார்கள். கட்டுரை மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்புமை காட்டும் மென்பொருள்கள் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது தரும் சதவீதத்தை வைத்து ஆசிரியர்கள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முறையாகக் குறி போட்டுக் காட்டிய மேற்கோளையும் அது ஒப்புமை என்றே எண்ணிவிடலாம், அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வணக்கம்.